துக்கத்திற்கு மருந்து உண்டா? அபூ ஸைத் அல்பல்கீ காட்டிய வழி

மய்யித் வீட்டில் மாதங்கள் பல கடந்த பின்னும் ஒருவர் உண்ணாமலும் உறங்காமலும் ஒடுங்கிக் கிடந்தால், "ஸப்ரு செய்யுங்கள்" என்கிறோம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமா என்று யாரேனும் கேட்டால், "ஈமான் உள்ளவருக்கு மாத்திரை எதற்கு?" என்ற மறுகேள்வி எழுகிறது. நம் முன்னோர் இதனை எவ்வாறு நோக்கினர் என்று பார்ப்போம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். ஆகவே அழுகை ஈமானின் குறைவன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தம் குடும்பத்தில் மரணம் நிகழ்ந்து, கூடிய பெண்கள் கலைந்து சென்ற பின், வாற்கோதுமை மாவில் செய்யும் 'தல்பீனா' எனும் கஞ்சியைக் காய்ச்சச் செய்து, வீட்டாரை உண்ணச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபியவர்கள் கூறக் கேட்டதாக அவர்களே அறிவித்துள்ளார்கள். உள்ளத்தின் துயருக்கு உடல் வழியாகவும் உதவலாம் என்பது இதனால் விளங்குகிறது.

இக்கருத்தை மருத்துவ நூலாக விரித்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்). இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு பகுதியில் கி.பி. 850 வாக்கில் பிறந்த இவர், பள்ளி ஆசிரியரின் மகன், இராக் சென்று அல்கிந்தியிடம் பயின்றவர், 934இல் மறைந்தார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' எனும் இவரது நூலின் முதற்பகுதி உடல்நலத்தையும், இரண்டாம் பகுதி உள்ளநலத்தையும் பேசுகிறது. அதன் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்புல்லில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

உடலும் உள்ளமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்று நலிந்தால் மற்றதும் நலியும் என்பது அவர் கொள்கை. உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடும் மருத்துவர்களை அவர் குறைகூறினார். துக்கத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். அன்புக்குரியவரின் இழப்பு, பொருளிழப்பு போன்ற காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. இதற்குப் பிறர் கூறும் ஆறுதலையும், தானே தன் உள்ளத்துக்கு எடுத்துரைக்கும் நல்ல சிந்தனைகளையும் மருந்தாக்கினார். காரணம் தெரியாமல் எந்நேரமும் அழுத்தி, செயலையும் மகிழ்ச்சியையும் பறிக்கும் துக்கம் மற்றொன்று. இது உடலிலிருந்து, குறிப்பாக இரத்தத்தின் மாற்றத்திலிருந்து எழுவது என்று கருதி, உடலுக்கான சிகிச்சையையும் பரிந்துரைத்தார்.

இரத்தம் பற்றிய அவரது விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும், எல்லாத் துக்கத்திற்கும் மருந்து தேவையில்லை. எல்லாத் துக்கத்தையும் அறிவுரையால் மட்டும் தீர்க்கவும் இயலாது என்ற அவரது பகுப்பு இன்றும் பயன்படுகிறது. அதனுடன் இன்றைய மருத்துவர்கள் ஒன்றைச் சேர்க்கின்றனர்: காரணம் தெரிந்த துக்கமும் நோயாக முற்றலாம். அலைபோல் வந்து போகும் துயரம் இயல்பானது. ஆனால் 2 வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பொழுதும் மனம் இருண்டு, எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலைகள் முடங்கினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருந்து வேண்டுமா, பேச்சுவழிச் சிகிச்சையே போதுமா என்பதை மருத்துவரே ஆய்ந்து முடிவு செய்யட்டும். மருந்து எழுதப்பட்டால், அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; சற்றுத் தெளிந்ததும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்து உண்பது தவக்குலுக்கு முரணன்று. சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று பணித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. தொழுகையும் துஆவும் மருந்தும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கலாம்.

துயருற்றோரின் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! அவர்களைக் குறைகூறாமல் தாங்கிப் பிடிக்கும் நல்லெண்ணத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.