பழுதுபார்த்தவர்களின் பெயர்கள்

நெகேமியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் நம் ஆராதனைகளில் அபூர்வமாகவே வாசிக்கப்படுகிறது. முழுக்கப் பெயர்கள். இடிந்து கிடந்த எருசலேம் அலங்கத்தில் எந்தப் பங்கை யார் எடுத்துக் கட்டினார்கள் என்ற விவரம். ஆசாரியர்கள், தைலக்காரர்கள், தன் குமாரத்திகளையும் கூட்டிவந்த ஓர் அதிகாரி, முடிவில் தட்டார்களும் மளிகைக்காரர்களும். தோள்கொடுக்க மறுத்த தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்களையும் அது மறைக்கவில்லை. 52 நாளில் அலங்கம் எழுந்துவிட்டது. ஆனால் செய்தி கேட்ட அன்று நெகேமியா உட்கார்ந்து அழுதார் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

வீழ்ச்சிக்குப் பின் எழுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நம் மேடைகளில் உடனே யோபு வந்துவிடுகிறார். விசுவாசித்தால் இழந்தது இரட்டிப்பாகத் திரும்பும் என்ற உறுதிமொழியும் கூடவே வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பிரசங்கத்தில் மனம் ஒட்டுவதில்லை. யோபுவுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாயின. செத்துப்போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. தாமிரபரணிக் கரையில் நம் முன்னோர் பெற்ற விசுவாசம் நெகேமியாவின் பட்டியலோடுதான் நெருங்கிய உறவுடையது என்பது என் எண்ணம்.

குளோரிந்தாவை எடுத்துக்கொள்வோம். தஞ்சையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கணவனை இழந்தவர். உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவரோடுதான் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரிடமே வேதத்தைக் கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை. திருமணமின்றி ஒருவரோடு வாழும் பெண்ணுக்குக் கொடுப்பதற்கில்லை என்பது அவர் நிலை. பிறந்த குலம் தள்ளிவிட்டது, நாடிச் சென்ற சபையும் கதவைச் சாத்தியது. பிறகு லிட்டில்டனும் இறந்துபோனார். அந்த அம்மாளுக்கு அப்போது யார் இருந்தார்கள்? கசந்துபோய் ஒதுங்கியிருந்தால் இன்று யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

அவர் மறுபடி கேட்டார். 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டே ஆண்டில், 1780இல், பாளையங்கோட்டைச் சபையின் பட்டியல் எழுதப்பட்டது. 40 பேர், பல சாதியினர், முதற்பெயர் குளோரிந்தா. திருநெல்வேலியில் சீர்திருத்த சபையின் வரலாறு இந்த ஏட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1785இல் அவர் முயற்சியால் எழுந்த கோவிலை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தார்கள். அவர் வெட்டிய கிணற்றுக்கும் அதே பெயர். போதிக்க ஆள் வேண்டும் என்று விடாமல் கேட்டுத் தஞ்சையிலிருந்து சத்தியநாதனை வரவழைத்தார். சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். கோவில், கிணறு, போதகர் என்று குளோரிந்தா தேடியது எல்லாமே பலருக்குப் பயன்படுவதாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். தன் துக்கத்தை அவர் தனியாக ஆற்றிக்கொள்ள முயலவில்லை. 1915இல் அ. மாதவையா அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். ஒரு நாவலாசிரியருக்கு அந்த வாழ்வின் துயரம் போதும். நமக்கு அந்த 40 பெயர்களும் வேண்டும்.

தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்தில் அடுத்த தலைமுறைக்கு நேர்ந்ததும் இத்தகையதே. புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்களின் ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. உபதேசியாரான தாவீது சுந்தரானந்தம் அவர்களைத் திரட்டி, நிலம் வாங்கி, 1799இல் முதலூரை உண்டாக்கினார். சில ஆண்டுகளிலேயே மிஷனெரிகளின் கண்காணிப்பு அற்றுப்போயிற்று. பின்னர் கொள்ளைக்காய்ச்சல் வந்தது. பயந்து பழைய வழிபாட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை இன்று நாம் குற்றம் சொல்லக்கூடாது. 1816இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் என்ற படைக்குரு, முதலூரிலும் நாசரேத்திலும் சபைகள் கலையாமல் நிற்பதைக் கண்டார். இடைப்பட்ட அந்த வருடங்களில் ஆராதனையை நடத்தி வந்தவர்கள் உபதேசியார்களும் ஊர்க்காரர்களும்தான். ஏரலுக்கு வடக்கேயுள்ள சாயர்புரமும் அந்தக் காலத்ததே. கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்காகச் சாமுவேல் சாயர் என்ற வணிகர் 1814இல் வாங்கிய நிலம் அது.

இனி ஏரலுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஏரல் கடைவீதிக்குள் பாய்ந்தது. பாலத்தில் போக்குவரத்து அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் சரக்கு இறக்கி வைத்திருந்த கடைகளில் சேறு நிரம்பியது, வாழைத்தோட்டங்கள் சாய்ந்தன. கடன்வாங்கிப் போட்ட முதல் மொத்தமும் ஓர் இரவில் போனவனுக்கு 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டுப் போவது இரக்கம் ஆகாது. அவனோடு சேர்ந்து சேறு அள்ளுவதும், அடகிலிருக்கும் நகையைப் பற்றிக் கேட்பதும், மறுபடி கடை திறக்கும் நாளில் முதல் வியாபாரம் செய்வதும் இரக்கம். அதைச் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே இம்மலரின் வழியாக ஒரு வேண்டுகோள். ஏரலைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சேகரமும் அந்த வெள்ளத்துக்கென ஒரு பதிவேடு எழுத வேண்டும். யார் வீட்டில் யார் தங்கினார்கள், யார் சோறு பொங்கினார்கள், திருப்பிக் கேட்காமல் யார் பணம் கொடுத்தார்கள், எந்தக் கடை எந்த மாதம் திறந்தது என்பதெல்லாம் அதில் வரட்டும். உதவியவர்கள் இந்துக்களாகவும் இஸ்லாமியராகவும் இருப்பார்கள். அவர்கள் பெயர்களும் அதே பக்கத்தில் வரட்டும். மீண்டும் எழ முடியாமல் ஊரைவிட்டுப் போனவர்களையும் விட்டுவிடக்கூடாது. பெரியவர்கள் சொல்லச் சொல்ல வாலிபர் சங்கத்தார் எழுதினால், அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் முதற்படி தயாராகிவிடும்.