மாசிக் கருவாடும் ஹிஸ்டமினும்

இலங்கைத் தமிழர் வீடுகளில் சம்பலுக்கு இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாடு, புதியவர் கண்ணுக்குக் கறுத்து இறுகிய விறகுத் துண்டாகவே தோன்றினாலும், இந்துமகா சமுத்திரத்தின் பழைய வியாபாரப் பண்டங்களுள் கீர்த்தி வாய்ந்த ஒன்றாகும். 1343-ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்து அங்கே காஜியாகவும் பதவி வகித்த மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா, தீவார் மீனை நான்கு துண்டாக அரிந்து, இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தியதையும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் கப்பலேறியதையும் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த மீன் சூரை இனத்தது. அதன் செந்தசையில் ஹிஸ்டிடின் என்னும் சத்து மிகுதி. பிடிபட்ட மீன் வெயிலில் சில மணி நேரம் கிடந்துவிட்டால், கிருமிகள் அந்தச் சத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அதனை உண்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடம்பெங்கும் தடிப்பு எழும்ப, வீட்டார் 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஹிஸ்டமின் உடலில் செய்யும் விபரீதங்களை இங்கிலாந்தில் விஞ்ஞானிகளான டேலும் லெய்ட்லாவும் 1910-இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

அக்கினி சகலத்தையும் சுத்தி செய்யும் என்று நம்பும் நமக்கு இதில் ஓர் அதிர்ச்சி உண்டு. கிருமி நெருப்பில் மடியும். அது விட்டுப் போன ஹிஸ்டமினோ கொதிநீருக்கும் புகைக்கும் பனிக்கட்டிக்கும் அசையாது. ஆகையால் மாசி நல்ல ஆகாரமாக இருந்ததற்கு, உயிருள்ள சிறு மீனை இரையாக வீசித் தூண்டிற்கோலால் சூரையை ஒவ்வொன்றாகப் பிடித்து அன்றே கரை சேர்ந்த ஆடவரும், வந்த மீனை அப்போதே அரிந்து உப்பு நீரில் அவித்த பெண்டிரும் காட்டிய துரிதமே காரணம். இதை முன்னோரின் ஞானம் என்று கொண்டாட எனக்கு மனம் துணியவில்லை. அழுகிய மீன் விலை போகாது என்ற பயமே அவர்களை விரட்டியிருக்கும். அதே அடுப்பில் மீன் அவித்த நீரைக் கறுக்கும்வரை வற்றக் காய்ச்சி எடுக்கும் ரிஹாகுரு என்னும் விழுதில் ஹிஸ்டமின் மிகுந்திருப்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளனவே!

தலைமுறை தலைமுறையாக மாசியின் பிரதான கிராக்கியாக விளங்கிய இலங்கை, 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கொள்முதலைச் சுருக்கியபோது, தீவார் தங்கள் மீனைப் பச்சையாகவே ஜப்பானியரின் குளிர்பதனக் கப்பல்களுக்கு விற்கத் தலைப்பட்டார்கள். புகையின் ஸ்தானத்தில் பனிக்கட்டி அமர்ந்தது. அந்தப் பனிக்கட்டியும் உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைப் போக்காது; மீன் சரக்கில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருத்தலாகாது என்பது இன்றைய சர்வதேச உணவுத் தர விதி.