தட்டு அறியாத வெற்றிடம்

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த கூலிம் வட்டாரத்தில் 1996ஆம் ஆண்டு உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்மரக் காட்டிற்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறலாயினர். அங்கெழுந்த ஆலைகளுள் ஜப்பானின் ஃபூஜி எலெக்ட்ரிக் நிறுவனத்தினதும் ஒன்று. கணினியின் வன்தட்டுக்குள் சுழலும் காந்தத் தட்டுகளை அது உருவாக்கியது. அத்தட்டைப் பற்றி விந்தையானதொரு செய்தி உண்டு. தன்னிடத்தே எவ்வளவு இடம் காலியாயுள்ளது என்பதை அஃது அறியாது.

1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் கணினியோடு வெளியிட்ட முதல் வன்தட்டு, 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அன்று தொடங்கி அரை நூற்றாண்டுக் காலம், எவ்விடம் நிரம்பியது, எவ்விடம் ஒழிந்தது என்னும் கணக்கு முழுவதும் கணினியிடமே இருந்தது. அக்கணக்கை வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கோப்பு முறைமை என்பர். தோட்டத்துக் கிராணியாரின் ஏட்டை அதற்கு ஒப்பிடலாம். ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு நீங்கினால், கிராணியார் ஏட்டில் பெயரை அடித்துவிடுவார். அவர்கள் விட்டுச்சென்ற தட்டுமுட்டுச் சாமான்களோ, புதுக்குடும்பம் வரும்வரை லயத்து வீட்டிலேயே கிடக்கும். கோப்பை அழித்தல் என்பதும் ஏட்டில் பெயரடித்தலே. பழைய எழுத்துகள்மேல் புதியவை நேரே எழுதப்பட்டமையால், தட்டுக்கு எதையும் சொல்லவேண்டிய தேவை எழவில்லை.

தோஷிபாவைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோக்காவும் குழுவினரும் 1987இல் வெளிப்படுத்திய நான்ட் நினைவகம் இந்நிலையை மாற்றிற்று. சுழலும் தட்டில்லாச் சேமிப்பகங்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் அதனைக் கொண்டே அமைந்தன. அதில் பழையதன்மேல் எழுத இயலாது. முதலில் துடைத்தல் வேண்டும். எழுதுவது சிறு சிறு பக்கங்களாக. துடைப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெருந்தொகுதியாக. தொகுதியில் ஒரு பக்கம் பயன்பாட்டில் இருப்பினும், அதனை வேறிடத்துக்குப் பெயர்த்த பின்னரே துடைக்கலாம். கோப்பு அழிக்கப்பட்டதை அறியாத சேமிப்பகம், செத்த எழுத்துகளையும் உயிருள்ளவை எனக் கருதிச் சுமந்து பெயர்த்தது. ஒவ்வொரு தொகுதியும் ஓரளவு முறையே துடைப்பைத் தாங்குமாதலின், இவ்வீண் சுமை விரைவை மட்டுமன்றி ஆயுளையும் குறைத்தது.

"இவ்விடத்தில் உள்ளது இனி வேண்டா" எனக் கணினியே சேமிப்பகத்துக்கு அறிவிக்கும் ட்ரிம் என்னும் கட்டளை 2007இல் முன்மொழியப்பட்டது. 2009இல் விண்டோஸ் 7 அதனை ஏற்றது. அடுத்த ஆண்டு லினக்ஸும் ஏற்றது. இத்துணை எளிய செய்தி இத்துணைக் காலம் கழித்தே வந்தது.

அதற்கொரு விலையும் உண்டு. காந்தத் தட்டில் தவறுதலாக அழித்த கட்டுரையை, வேறொன்று அதன்மேல் எழுதப்படுமுன் வல்லுநர் மீட்டுத் தருவதுண்டு. ட்ரிம் கட்டளை சென்றடைந்த இடத்தில் அது பெரும்பாலும் இயலாது. ஆண்டுமலருக்கெனத் தட்டச்சிட்ட பக்கங்களை ஆசிரியர் ஒருவர் கைதவறி அழித்துவிட்டால், சில வேளை அவர் நாற்காலியை விட்டு எழுமுன்பே அவை துடைக்கப்பட்டிருக்கும்.