எடுக்கும் குருதியும் கொடுக்கும் குருதியும்

உடம்பிலிருந்து குருதியை வெளியேற்றுவதே வைத்தியம் என்று நம்பப்பட்ட காலம் மிக நீண்டது. அட்டை விடுதலும் கீறிக் குருதி வாங்குதலும் நமது சித்த வைத்தியத்திலும் இடம்பெற்றிருந்தன. ஐரோப்பாவிலோ காய்ச்சல் முதலாக நுரையீரல் அழற்சி ஈறாக எண்ணற்ற நோய்களுக்கு நாளத்தைக் கீறுவதே முதற் சிகிச்சையாயிருந்தது. 1835இல் பாரிஸ் நகர வைத்தியர் பியேர் லூயி, நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு, அதனால் விளையும் நன்மை சொற்பமே என்று காட்டினார். பெரியோர் வாக்கை எண்ணிக்கை எதிர்த்து நின்றது. அவ்வழக்கமும் படிப்படியாக அருகியது.

ஆயின், குருதி எடுத்தல் வேறொரு வடிவிலே திரும்பி வந்தது. அன்று நோயைப் போக்குவதற்கென எடுத்தனர். இன்று நோயை அறிவதற்கென எடுக்கின்றனர். இம்மாற்றத்திற் கருவிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1940களின் பிற்பகுதியிற் காற்றகற்றிய குழாய் வழக்கிற்கு வந்தது. ஊசியோடு பொருத்தியதும் தன் கொள்ளளவு நிறையுமட்டும் அது தானே குருதியை உறிஞ்சிக்கொள்ளும். 1957இல் அமெரிக்காவில் தானியங்கிப் பகுப்பாய்வு யந்திரம் விற்பனைக்கு வந்தது. அதுவரை கையாற் செய்த சோதனைகளை யந்திரம் வரிசையாகச் செய்து தள்ளியது. காரணம் கருதிக் கேட்கப்பட்ட சோதனை, நாள்தோறும் நடைபெறும் சடங்காயிற்று.

இச்சடங்கின் விலை என்ன? 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அதைக் கணக்கிட்டது. சாதாரண விடுதி நோயாளரிடம் சராசரியாக 175 மில்லிலீற்றர் குருதி எடுக்கப்பட, தீவிர சிகிச்சை பெற்றோரிடம் 762 மில்லிலீற்றர் எடுக்கப்பட்டிருந்தது. 2002இல் மேற்கு ஐரோப்பாவின் 146 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்தோர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 41 மில்லிலீற்றர் எனக் கண்டனர். பதினொரு நாளில் அது ஒருவர் தானமாகக் கொடுக்கும் குருதிக்குச் சமமாகிவிடும். யந்திரத்துக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பங்கே. எஞ்சியது கழிவாகக் கொட்டப்படும். கடும் நோயில் எலும்பு மச்சை சோர்ந்திருப்பதால், இழந்ததை உடம்பு விரைவில் ஈடுசெய்வதில்லை. சோகை முற்றியதும் பிறருடைய குருதி ஏற்றப்படுகிறது. ஒரு கை எடுத்துக் கொட்டியதை மறு கை இரந்து நிரப்புகிறது!

நமது தீவகத்திலிருந்து நோக்கினால் இதன் பொருள் நன்கு விளங்கும். நெடுந்தீவிலே ஒருவர் உயிராபத்தான நிலையை அடைந்தால், படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, புங்குடுதீவும் வேலணையும் பண்ணைத் தாம்போதியும் கடந்தே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையவேண்டும். நயினாதீவு மக்களும் கடல் கடந்தே ஆகவேண்டும். கடலையும் கமத்தையும் நம்பிய குடும்பம் அன்றாடக் கூலியை இழந்து நோயாளியின் பக்கத்திற் காத்திருக்கிறது. அந்நோயாளிக்கு ஏற்றப்படும் குருதியோ விலைக்கு வாங்கியதன்று. இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் கைம்மாறு கருதாத கொடையாளரிடமிருந்தே பெறப்படுகிறது. உழைப்பாளியும் மாணவனும் ஆசிரியரும் கொடுத்த பொதுச் சொத்து அது. அதை வீணாக்கும் வழக்கத்தை வெறும் ஆய்வுகூட விவகாரமெனத் தள்ளிவிட முடியுமா?

பரிகாரம் பெருஞ்செலவானதன்று. கனடாவின் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2019 முதல் 2021 வரை சிறிய குழாய்களைப் பயன்படுத்திப் பார்த்தனர். முதன்மைக் கணக்கில் வேறுபாடு ஐயமறத் துணியப்படவில்லையெனினும், 27,411 நோயாளரையும் சேர்த்து நோக்கியபோது, நூறு பேருக்கு ஏறத்தாழ 10 அலகு குருதி மிச்சமாயிற்று. சோதனைக்குக் குருதி போதாமற் போனதோ மிக மிக அரிது. நாடிக் குழாயிலிருந்து முதலில் இழுக்கும் குருதியைக் கொட்டாது உடம்புக்கே திருப்பும் அமைப்பும் உண்டு. யாவற்றினும் எளியது, ‘இச்சோதனை இன்று எதற்கு?’ என்று கேட்பது.

1847இல் இலங்கைக்கு வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். தம் உடம்பைப் பற்றிய அறிவு மக்களின் மொழியில் மக்களுக்குக் கிட்டவேண்டும் என்பதே அம்முயற்சி நமக்கு உணர்த்தும் பாடம். அந்த அறிவோடு நோயாளியின் உறவினரும் தாதியரும் வைத்திய மாணவரும் இக்கேள்வியை எழுப்பவேண்டும். லூயி எண்ணினார், ஒரு நெடுங்கால வழக்கம் ஆட்டங்கண்டது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும், கொடுத்த மருந்தின் கணக்கோடு எடுத்த குருதியின் கணக்கும் எழுதப்படட்டும். மக்கள் ஈந்த குருதிக்குக் கணக்குக் கேட்பது மக்களின் உரிமை.