சரவணன், மேஜர் மாரியப்பன் (1972–1999)

கார்கில் யுத்தத்தின் தொடக்க நாள்களில் லடாக்கின் படாலிக் பிரதேசத்தில் பிராணத்தியாகம் செய்து, மரணத்திற்குப் பின் வீர சக்கர விருது வழங்கப்பெற்ற இந்தியத் தரைப்படை அதிகாரி.

1972 ஆகஸ்டு 10 அன்று ராமேசுவரத்தில் பிறந்தார். தந்தையார் ராணுவ வைத்தியராதலின், சைனிய வாழ்க்கையின் கட்டுப்பாடும் கடமையுணர்ச்சியும் இவருக்குப் பாலியத்திலேயே பரிச்சயமாயின. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் வணிகவியல் பயின்றபோது தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்த இவர், பின்னர்ச் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேர்ச்சி பெற்று, 1995இல் பீகார் படைப்பிரிவின் முதலாம் பட்டாலியனில் அதிகாரியானார். தம் கீழுள்ள வீரர்களின் பாஷையைக் கற்று, அவர்களுடன் உண்டு, அவர்களுடன் துயின்று, அவர்களுடைய நம்பிக்கையைச் சம்பாதிப்பதே இளம் அதிகாரியின் முதற் பயிற்சி என்பது இந்திய ராணுவத்தின் மரபு. அம்மரபின்படியே தமிழ்நாட்டு இளைஞரொருவர் பீகார் படைப்பிரிவு வீரர்களின் தலைவரானார்.

1998–99 குளிர்காலத்தில் ஆளற்றுக் கிடந்த கார்கில் சிகரங்களைப் பாகிஸ்தானியப் படையினர் ரகசியமாகக் கைப்பற்றியது 1999 மே மாதத்தில் வெளிப்பட்டது. சத்துருக்களின் தொகையும் அவர்கள் அமைத்திருந்த அரண்களின் வலிமையும் செவ்வனே புலப்படாத அந்நாள்களில், படாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேற்பட்ட ஜுபார் சிகரத்திலிருந்த அரணொன்றைப் பிடிக்கும் பொறுப்பு சரவணனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர், மூச்சு முட்டும் அவ்வுயரத்தில், மறைவிடமற்ற சரிவில், மேலிருந்து பொழியும் குண்டுமாரிக்கு எதிரே ஏற வேண்டியிருந்தது. மே 29 அதிகாலை நான்கு மணியளவில் தாக்குதலைத் தொடங்கி, ராக்கெட் லாஞ்சரால் அரணைத் தாக்கி எதிரிகள் இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல்களால் காயமுற்றும், வீரர்கள் பலர் காயமுற்றமையால் திரும்புமாறு மேலதிகாரி ஆணையிட்டும், அவர் முன்னேறி மேலும் இருவரை வீழ்த்தினார். பின்னர்த் தலையில் குண்டு பாய்ந்து உயிர்நீத்தார். அப்போது வயது இருபத்தாறு.

சரவணனின் உடல் ஒரு மாதத்திற்கும் மேலாகப் பனிச் சரிவிலேயே கிடந்தது. ஜூலை முதல் வாரத்தில் அவருடைய பட்டாலியனே ஜுபாரைக் கைப்பற்றியது. அதன் பின்னரே உடல் திருச்சிக்கு வந்து, ராணுவ மரியாதைகளுடன் இறுதிக் கிரியைகள் நடந்தேறின. பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்த யுத்தகால விருதாகிய வீர சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. மக்கள் அவரைப் 'படாலிக் வீரர்' என்று போற்றினர். திருச்சியில் நினைவுச் சின்னமும் எழுப்பினர்.

மே மாதத் தாக்குதலில் சிகரம் வசப்படவில்லை எனினும், வெற்றியின் பயனை நேரிற் காண வாய்க்காத முதல் முயற்சியாளர்களின் தியாகமும் அவ்வெற்றியின் அங்கமே என்பதை அவ்விருது தேசத்தின் சார்பில் உறுதிசெய்கிறது.