பெரிய நாயா, சின்ன நாயா?

ஒரு வீட்டில் நாய் வளர்க்கலாம் என்று பேச்சு எழுந்தால், பெரிய ஜாதியா சின்ன ஜாதியா என்பதில்தான் முதல் தகராறு வரும். பிள்ளைகள் பெரிது கேட்பார்கள். வீட்டைப் பெருக்குகிறவர்கள் சின்னது கேட்பார்கள், இல்லையென்றால் நாயே வேண்டாம் என்பார்கள். இந்தத் தகராறுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் மாவட்டத்திலேயே நடந்தது.

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டு என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயரும் உண்டு, கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று அதற்கெனத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்லில் பெயர் ஏறாமல் போன மனிதர்கள் எத்தனையோ பேர். கோவிவன் எந்த ஜாதி, எத்தனை உயரம் என்று கல்வெட்டு சொல்லவில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறது. நாயை அப்போது அப்படித்தான் எடை போட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெரிய நாய்கள் நிலைத்ததற்கும் வேலைதான் காரணம். கரிசல் காட்டில் முயல் விரட்ட நீண்ட காலும் ஒட்டிய வயிறும் வேண்டும், அதற்குச் சிப்பிப்பாறையும் கன்னியும். தோப்புக்கும் பண்ணைக்கும் காவல் வேண்டும், அதற்கு ராஜபாளையம். தோள் வரை ஏறக்குறைய 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டை நாய்களின் பிழைப்பு போயிற்று. வேலை போனால் யார் சோறு போடுவார்கள்? பிறகு அரசாங்கமே சைதாப்பேட்டையில் இனப்பெருக்கப் பிரிவு வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. 2005இல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. தபால் ஆபீசில் காலம் தள்ளியவன் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் முள்ளிப்பட்டிலோ ஆரணியிலோ தறி வீடுகளில் இப்படிப்பட்ட நாய்களை நான் சிறு வயதில் பார்த்ததே இல்லை. காரணம் எளிது. கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொள்ளும். மீதியில் ராட்டினம், நூல், சமையல், படுக்கை எல்லாம். காலையில் தெருவில் பாவை இழுத்துக் கட்டி வைத்திருப்பார்கள். முப்பது கிலோ நாய் ஒன்று பூனையைத் துரத்திக்கொண்டு அதில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நெசவாளியைத்தான் கேட்க வேண்டும். தெருவுக்குப் பொதுவாக இரண்டு நாட்டு நாய்கள் இருக்கும், மிஞ்சிய சோறு தின்னும், இரவில் குரைக்கும். அதுவே போதுமானதாக இருந்தது.

நம் தெருக்களுக்குள் முதலில் நுழைந்த ஜாதி நாய் சின்னதுதான். எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளை நாய். உண்மையில் இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. வெள்ளைக்காரர் காலத்தில் இந்த வெயிலுக்குத் தகுந்தாற்போல் வளர்த்தெடுத்தது. அசல் பொமரேனியனின் கதை வேறு. ஐரோப்பாவில் அதன் முன்னோர்கள் நடுத்தர உயரத்துக் காவல் நாய்கள். விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலிக்குப் போனபோது புளோரன்ஸ் நகரில் மார்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கி வந்தார். ஐந்தரைக் கிலோ இருக்கும். ராணி வளர்த்தால் கேட்க வேண்டுமா? ஊரே சின்னதாகக் கேட்டது. வளர்ப்பவர்களும் குட்டையோடு குட்டையைச் சேர்த்து, இன்று இரண்டு மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சின்ன நாய்க்கும் ஒரு சௌகரியம் உண்டு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது தப்பிய நாய்கள் மூன்றே மூன்று: இரண்டு பொமரேனியன், ஒரு பீகிங்கீஸ். கையில் தூக்கிக்கொண்டு படகில் ஏற முடிந்ததால் பிழைத்தன.

ஆனால் சின்னது எல்லாம் நமக்கு ஒத்துவரும் என்று இல்லை. 2003வாக்கில் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக் நாய் ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதுதான் வேண்டும் என்றாகிவிட்டது. மூக்கு சப்பையாக இருப்பதால் அது மூச்சு விடவே திணறும். நம் பக்கத்து அக்னி நட்சத்திரத்தில் அதைக் கட்டிப் போடுவது பாவம். இப்போது பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கி ஏ.சி. போட்டு வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல!

போன தை மாதம் என் தம்பி மகன் வந்தான். சென்னையில் வேலை. இங்கே அப்பா அம்மா இரண்டு பேர் மட்டும். "பெரியப்பா, வீட்டுக்குக் காவலா ஒரு ராஜபாளையம் வாங்கி விட்டுட்டுப் போறேன்" என்றான்.

"யார் பிடிச்சுக்கிட்டு நடக்கிறது?" என்று கேட்டேன்.

"அப்பாதான்."

தம்பிக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி. ராஜபாளையம் ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் கீழே. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். அந்த நாய்க்கு ஓட இடம் வேண்டும், அதட்ட ஒரே எஜமான் வேண்டும். இரண்டும் இல்லாமல் சங்கிலியில் கிடந்தால் குணம் கெட்டுவிடும். ஆயுளையும் யோசிக்க வேண்டும். பெரிய ஜாதிகள் பொதுவாகச் சீக்கிரம் போய்விடும், கிரேட் டேன் எட்டுப் பத்து வருஷம்தான். சின்ன ஸ்பிட்ஸ் பன்னிரண்டு, பதினான்கு வருஷம்கூட இருக்கும். அறுபத்தாறில் பன்னிரண்டைக் கூட்டிப் பார் என்றேன். நாய் நமக்குப் பிறகும் இருந்தால் யார் கொண்டு போவார்கள் என்பதும் இப்போதே பேச வேண்டிய விஷயம். கடைசியில் ஸ்பிட்ஸ் குட்டி ஒன்று வந்தது. தனக்கு ஒன்று ஆனால் மகன் சென்னைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று தம்பி அப்போதே சொல்லி வைத்துவிட்டான். காவலுக்கு அது குரைத்தால் போதும், கடிக்க வேண்டியதில்லை.

கொல்லையில் நிலமும் கிணறும் உள்ளவர்கள், வீட்டில் திடமான ஆள் இருக்கிறவர்கள், தாராளமாக ராஜபாளையம் வாங்கலாம். வெளிநாட்டுப் பெரிய நாயைவிட அதுதான் என் கட்சி. நம் வெயில் அதற்குப் பழகியது. ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சுத்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம், நெருங்கிய உறவிலேயே இணை சேர்த்தால் இன்னும் மோசம். குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். காற்று படாத தூரத்தில் நில்லுங்கள். திரும்பிப் பார்க்கிற குட்டியை எடுங்கள். அன்றைக்கே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு நாள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.