கிணற்றை எந்தப் பக்கம் தோண்டினார்கள்?

திருவேற்காட்டில் கூவத்தை ஒட்டியிருக்கிற எங்கள் சேரியில், கிணறு என்று பேச்செடுத்தாலே ஆயா ஒரே கதையைத்தான் சொல்லும். ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது மனசு வந்து இறைத்து ஊற்றுகிற வரைக்கும் காத்திருந்த கதை. "தாகத்துல நின்னதுகூட மறந்துபோச்சு கண்ணு. எவ்ளோ உயரத்துலர்ந்து ஊத்துவாங்க பாரு, அதுதான் மறக்கல."

நமது தண்ணீர் வரலாறு இப்படித் தொடுதலின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இதெல்லாம் நம் ரத்தத்தில் எழுதின வரலாறு. ஆனால் பாதி வரலாறு. மீதி மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. தொட விடாத காலம் முழுசாக முடிவதற்குள்ளேயே, தொட்டாலும் குடிக்க முடியாத தண்ணீரின் காலம் வந்துவிட்டது.

நான் சில வருஷம் போர் வண்டியில் கூலியாளாக இருந்தவன். அப்போது எங்கள் தெருக் கைப்பம்பில் நெடி வர ஆரம்பித்தது. மனு மேல் மனு போட்ட பிறகு, பக்கத்துக் கம்பெனி ஒன்று 'கண்காணிப்புக் கிணறு' போட வேண்டியதாயிற்று. அந்த வேலைக்குப் போன வண்டியில் நானும் இருந்தேன்.

வீட்டு போர் வேறு, இது வேறு. வீட்டு போரில் எந்த ஆழத்துத் தண்ணி வந்தாலும் சரி, வந்தால் போதும். இங்கே குறிப்பிட்ட ஓர் ஆழத்துத் தண்ணி மட்டும்தான் உள்ளே வர வேண்டும். அந்த ஆழத்தில் மட்டும் ஓட்டை போட்ட பைப் இறக்கி, சுற்றிலும் சலித்த கூழாங்கல் கொட்டி, அதன்மேல் களிமண்ணால் அடைத்து, மேலே சிமெண்ட் போட்டு, மூடி வைத்துப் பூட்டுகிறார்கள். மேலே ஓடுகிற அழுக்கு பைப் ஓரமாக இறங்கிவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும். பைப் மரையில் கிரீஸ்கூடத் தடவ விடவில்லை.

மாதிரி எடுப்பதற்கும் முறை உண்டு. பைப்பில் தேங்கி நிற்பது பழைய தண்ணி. நாலு அங்குல பைப்பில் இருபது அடிக்குத் தண்ணி நின்றால் ஏறக்குறைய 50 லிட்டர். அதைப்போல மூன்று மடங்கை இறைத்துக் கொட்டின பிறகுதான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். உலோகம் இருக்கிறதா என்று பார்க்கிற பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம். ஐஸ் பெட்டி. ஒவ்வொரு பாட்டில் மேலும் தேதி, நேரம், எடுத்தவர் பெயர். சாட்சியிடம் வாக்குமூலம் வாங்குவதைப் போலத்தான்.

எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஒன்றைத் தவிர. கம்பெனிக்கு மேற்கே, மேட்டில் தோண்டச் சொன்னார்கள். கம்பெனிக்கும் கூவத்துக்கும் நடுவில், பள்ளத்தில் இருப்பது எங்கள் சேரி. "சார், தண்ணி ஓட்றது அந்தாண்டை பக்கம் சார்" என்றேன். "நீ பைப்பப் புடிடா" என்றார் வந்திருந்தவர். பிடித்தேன். தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வந்தது. வராமல் என்ன செய்யும்? மேட்டுக் கிணறும் வேண்டியதுதான், ஒப்பிட்டுப் பார்க்க. அது மட்டும் போதாது. நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லவே குறைந்தது மூன்று கிணறுகளில் நீர்மட்டம் அளக்க வேண்டும். இதை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கிணறுகளை எண்ணியதால் வழக்கு ஜெயித்த வரலாறும் நம் மாநிலத்தில் இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானதும் அதில் இருக்கிறது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

எங்கள் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டிலேயே போனால் ராணிப்பேட்டை வரும். அங்கே 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி, லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனது. குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கம்பெனி மூடினாலும் மழை நிற்பதில்லை. ஒவ்வொரு மழையும் அந்த மலையைக் கரைத்து மண்ணுக்குள் இறக்குகிறது.

இதில் நமக்குள்ளேயே பேச வேண்டியதும் உண்டு. தோல் ஷெட்டில் தொட்டிக்குள் இறங்கி நிற்பவர்களில் நம் ஜனங்கள் நிறையப் பேர். கூலி அங்கே, விஷமும் அங்கேதான். மூடு என்றால் அடுப்பு அணையும். ஓடட்டும் என்றால் கிணறு சாகும். இந்தக் கண்ணியில் நம்மை நிறுத்திவிட்டு, சுற்றுச்சூழல் என்பது படித்தவர்களின் கவலை என்று நம்மிடமே சொல்கிறார்கள்.

அன்று நான் வாயை மூடிக்கொண்டு பைப்பைப் பிடித்தேன். அது எனக்கு இன்னமும் ஆறவில்லை. அதனால் இப்போது எங்கள் தெருப் பையன்களிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்கிறேன். எத்தனை கிணறு, எந்தப் பக்கம்? மாதிரி எடுக்கும்போது எங்கள் ஆள் கூட நிற்கலாமா? அதே தண்ணியில் எங்களுக்கும் ஒரு பாட்டில் தருவாயா? நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். கைப்பம்புத் தண்ணியின் நிறம், நெடி, தேதி எல்லாம் அதில் ஏறுகிறது. எழுதுவது எட்டாவது படிக்கிற ஒரு பெண். முதல் பக்கத்தில், எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று படம் போட்டு வைத்திருக்கிறாள்.